பல்கலைக்கழக இணையதளம்: ஏற்றுவது யார், திருத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக இணையதளங்களில் ஆளாளுக்கு எதையாவது ஏற்றிவிடுகிறார்கள், கட்டுப்பாடு வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். குறைகளைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அவர் கேட்கும் தீர்வுகள் இரண்டு. எந்தப் பக்கமானாலும் ஐவர் குழு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளிவர வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தியதையெல்லாம் அழித்துவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதே வேலையைச் செய்துவரும் எங்களுக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

குழு பார்ப்பது பக்கம் வெளியாகும் நாளில். பக்கம் கெட்டுப்போவது அதற்குப் பிறகு. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு சேர விரும்புகிறவர் சிஏஓ என்கிற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கிறார். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீடு, ஒரு கடைசித் தேதி உண்டு. துறையில் யாரோ ஒருவர், மாணவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று, அவற்றைத் தங்கள் பக்கத்திலும் எழுதி வைக்கிறார். அன்றைக்கு அது சரி. எந்தக் குழுவும் ஒப்புதல் தந்துவிடும். பிறகு படிப்பை மாற்றி அமைக்கிறார்கள், குறியீடு மாறுகிறது, துறைப் பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கைபேசியில் தேடும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது அந்தப் பழைய பக்கமாக இருந்துவிட்டால் ஒரு வருடம் வீண். திருத்தவும் குழு கூட வேண்டும் என்றால் யாரும் திருத்தமாட்டார்கள்.

ஆகவே எங்கள் முதல் விதி: ஒரு தகவல் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கட்டணம் நிதிப் பிரிவின் பக்கத்தில், பாட விதிகள் பதிவாளரின் கையேட்டில், கடைசித் தேதி சிஏஓவின் தளத்தில். மற்ற எல்லாரும் அங்கே இணைப்புக் கொடுக்கலாம், எடுத்து எழுதக் கூடாது. கேட்க எளிது, நடைமுறையில் சண்டை வரும் விதி இதுதான். எல்லாத் துறைக்கும் எல்லாமே தங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த நாள், அடுத்துச் சரிபார்க்க வேண்டிய நாள் மூன்றும் தெரிய வேண்டும். பொறுப்பாளர் என்று ஆளின் பெயரைப் போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். மின்னஞ்சலும் பதவிக்கு உரியதாகவே இருக்கட்டும். ஆள் ஓய்வு பெற்றுப் போனாலும் பதவியில் வேறொருவர் வருவார். கட்டணம், சேர்க்கைப் பக்கங்களை வருடத்துக்கு இரண்டு முறை, அதாவது விண்ணப்பம் தொடங்கும் முன்னும் ஜனவரிப் பதிவுக்கு முன்னும் பார்க்க வேண்டும். ஊழியர் பட்டியலைப் பருவத்துக்கு ஒருமுறை, மற்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நாள் தவறினால் பொறுப்பாளருக்கு நினைவூட்டல், 14 நாளில் டீன் அலுவலகத்துக்கு, 30 நாளில் பக்கம் தானாகவே மறைய வேண்டும். கட்டணம், சேர்க்கைப் பக்கங்களை மட்டும் இப்படி மறைக்கக் கூடாது. அவை பதிவுக் காலத்தில் காணாமல் போவது பழைய தகவலைவிட மோசம். அங்கே 'இந்த ஆண்டுக்குச் சரிபார்க்கப்படவில்லை' என்ற பட்டை ஒன்றை மேலே போட்டால் போதும்.

முன் ஒப்புதலே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முகப்புப் பக்கம், கட்டணம், சட்ட ஆவணங்கள், துணைவேந்தர் பெயரில் வரும் அறிக்கை, வளாகத்தை மூடுவது போன்ற அவசர அறிவிப்பு, இவற்றுக்கு அது தேவை. பேராசிரியரின் சொந்த ஆய்வுப் பக்கத்துக்குத் தேவையில்லை. இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்விச் சுதந்திரத்தையும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதியாகவே சொல்கிறது. எழுதுவது தன் சொந்தக் கருத்து என்ற குறிப்பு, பிறர் படைப்பை அனுமதியில்லாமல் போடாமை, பிறரது தனித்தகவலைக் காப்பது, இம்மூன்றும் இருந்தால் போதும்.

தனித்தகவல் என்றதும் பலர் 'பெயரைத்தான் நீக்கிவிட்டோமே' என்பார்கள். போப்பியா என்று இங்கே எல்லாரும் சொல்லும் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் (2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம்), 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் எண்ணும் அதன்படி தனித்தகவல்தான். அதனால் மாணவர் எண்ணும் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியலைத் திறந்த பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. கடவுச்சொல் கொடுத்து நுழையும் இடத்தில் அவரவர் மதிப்பெண்ணை அவரவர் பார்க்கட்டும். தேசிய அடையாள எண் இன்னும் ஆபத்து. அதன் 13 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 4 சேர்ந்த எண் 5000க்குக் கீழே என்றால் பெண், இல்லையென்றால் ஆண். அதற்கடுத்தது குடியுரிமை நிலை. உதவித்தொகைப் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டால் இத்தனையையும் சேர்த்துப் போட்டதாகிறது.

கசிவு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. எக்செல் கோப்பில் நெடுவரிசையை 'மறைத்து' அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இறக்கிக்கொள்பவர் ஒரு சொடுக்கில் அதைத் திறந்துவிடுவார். பிடிஎஃப்பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைகிறார்கள். அடியில் எழுத்து அப்படியே இருக்கும். வெளியிட வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் புதிய கோப்புக்கு மதிப்புகளாக நகலெடுப்பதுதான் சரி. பிடிஎஃப் என்றால் முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரக்கூடாதது வந்தால் கோப்பு தயாராகவில்லை என்று பொருள். தவறி வெளியாகிவிட்டால் பக்கத்தை எடுத்தால் மட்டும் தீராது. தகவல் ஒழுங்காற்றுநருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஞாயிறு இரவிலும் யாரையும் கேட்காமல் ஒரு பக்கத்தை மறைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை விதியில் எழுதி வையுங்கள். ஏற்றும் அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி நம் மொழி. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் பல்கலைக்கழகத் தளத்தில் தமிழ் வரும்போது பெரும்பாலும் படமாக வருகிறது: பொங்கல் விழாச் சுவரொட்டி, நூலகக் கண்காட்சி அழைப்பு. படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. தமிழ் என்றால் யூனிகோட் எழுத்தாக மட்டும் என்று விதியில் இருக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்திய பாமினி, டிஸ்கி எழுத்துமுறைக் கோப்புகளை மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். தமிழ்ப் பத்திக்குப் பக்கத்தின் குறிமுறையிலேயே தமிழ் என்று மொழி குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் அதை ஆங்கிலக் குரலில் உளறும், அல்லது தாண்டிப் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடலில் வெவ்வேறு. தளத்தின் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றியே சேமிக்கும்படி அமைத்துவிட்டால் இது தீரும். 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமுமாகத் தட்டியதை மென்பொருள் திருத்தாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். இங்கே அப்படிப்பட்டவர் குறைவு என்பதால், கொம்பு முன்னே வராமல் பின்னால் தொங்கும் சுவரொட்டிகூட யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் இருக்கும். பக்கத்தின் முகவரியில் மட்டும் தமிழ் வேண்டாம். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே மின்னஞ்சலில் ஒட்டும்போது 45 எழுத்துகளாக நீண்டு, வரி உடைந்து, இணைப்பு அறுந்துபோகும். தலைப்பு தமிழில், முகவரி சுருக்கமான ரோமன் எழுத்தில் இருக்கட்டும்.

மாநாட்டுத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநாட்டுக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தனித் தளம் நிறுவி, முடிந்ததும் கைவிடுவார்கள். புதுப்பிக்காத செருகுநிரல் வழியாகச் சூதாட்ட விளம்பரக்காரன் உள்ளே வருவான். மாநாடு முடிந்து 60 நாளுக்குள் அதை நிலையான பக்கங்களாக மாற்றி நுழைவுக் கணக்குகளை மூடிவிட வேண்டும். வெளி நிறுவனத்தில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தால், இடத்தை விடும் அதே நாளில் துணைத்தளத்தின் பெயரை அந்த இடத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் வேறு யாராவது அந்த இடத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பெயரிலேயே கடை விரிக்கலாம்.

ஐந்து வருடத்துக்கு முந்தியதை அழிப்பது என்ற யோசனை எங்களை உண்மையிலேயே பயமுறுத்துகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், ஜில்லா, உடல் அடையாளம் எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் அவற்றில் பாட்டன் பெயரைத் தேடுகின்றன. இப்படிப்பட்ட பக்கத்துக்கு வயது ஒரு குறையே அல்ல. பழையதைக் காப்பகம் என்று குறித்து, தேதிப் பட்டையிட்டு, திருத்த முடியாதபடி வைத்துக்கொள்ளலாம்.

காப்பகத்துக்கு முகவரிதான் முக்கியம். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் நட்டால் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரி 1 அன்று இணைந்ததைப் போலப் பெயர் மாறும்போது இணைய முகவரியும் மாறும். பழைய முகவரி ஒவ்வொன்றும் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும், எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்புவது திருப்பிவிடுவது ஆகாது. ஆவணப் பக்கங்களின் முகவரியைப் பெயரை வைத்து அமைக்காமல், ஒவ்வொருவருக்கும் அன்று தந்த குடியேற்ற எண்ணை வைத்து அமைப்பது நல்லது. ஒரே பெயரை எழுத்தர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள், எண் மாறாது. போப்பியா உயிரோடிருப்பவர்களின் தகவலுக்குத்தான், ஆகவே பட்டியலை வெளியிடச் சட்டத் தடை இல்லை. ஆனால் அதில் சாதி என்றொரு நெடுவரிசையும் உண்டு. மூல ஆவணத்தின் படத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தேடல் படிவத்தில் சாதியைக் கொடுத்துத் தேடும் வசதி கூடாது என்பது எங்கள் கருத்து.

இப்படிக்கு,
பல்கலைக்கழக இணையப் பக்கங்களைப் பராமரிக்கும் இருவர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா