சப்பாத்து கொடுப்போர் கால் அளவையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரதன் ஓட்டப் போட்டி நெருங்கும்போது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். மிக்க நன்றி. ஆனால் தயவுசெய்து ஒவ்வொரு பிள்ளையின் கால் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

மலையகத்துத் தலவாக்கலையில் நான் பிள்ளைகளை ஓடப் பழக்குகிறேன். எங்கள் பாதை முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் கால் முன்னுக்கு வழுக்கி, விரல் நுனி சப்பாத்தில் இடிக்கும். இறுக்கமான சப்பாத்தென்றால் பெருவிரல் நகம் கறுத்து, அப்புறம் கழன்றே விழும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினாலோ குதிகால் உரசிக் கொப்புளிக்கும். பிள்ளை எழுந்து நிற்கும்போது, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் சரி. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது, ஓடும்போது போடும் காலுறையோடு அளந்து பாருங்கள்.

அடிப்பகுதிக்குள் காபன் தகடு வைத்த விலை உயர்ந்த சப்பாத்து இவர்களுக்குத் தேவையில்லை. பாசி பிடித்த ஈரப் பாதையில் வழுக்காத ரப்பர் அடிதான் முக்கியம். வெறுங்காலே போதும் என்போர் 1960 ரோம் ஒலிம்பிக் மரதனில் வெறுங்காலோடு ஓடி வென்ற எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவைச் சொல்வார்கள். அவரே 1964இல் டோக்கியோவில் சப்பாத்துடன் ஓடி மீண்டும் வென்றார்.

பழையதைக் கொடுப்பவர்கள் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். மெத்தென்ற தன்மை போயிருந்தால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் ஓட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஓட்டப் பயிற்றுநர் ஒருவர்,
தலவாக்கலை.