ஆயாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது

காசிமேடு
ஜூன் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் முகத்தைப் பார்க்கவில்லையே. சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல் படம் வருகிறது. உடம்பு எப்படி என்றாலும் கட்டைவிரல். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் வைத்தவள் ஆயா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

போனில் டைப் பண்ணத் தெரியாததால் தபாலில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எழுதி போட்டோ எடுத்து அனுப்பலாம். ஆனால் தம்பி படித்துவிடுவான். அப்புறம் அப்பாவுக்குச் சொல்வான். இது உனக்கு மட்டும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஏப்ரல் 15-இலிருந்து 61 நாளும் அப்பா வீட்டில்தான். உனக்குத் தெரியாததா? முதல் வாரம் தூங்குவார், ரெண்டாம் வாரம் வலை பார்ப்பார், மூன்றாம் வாரத்திலிருந்து என் சமையலில் குறை பார்ப்பார். படகை மேலே ஏற்றிப் பலகை மாற்றி பெயின்ட் அடித்தாயிற்று. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான் இப்போது. வஞ்சிரத்தின் பக்கம் போக முடியவில்லை, நெத்திலியும் காரப்பொடியுமாக ஓட்டுகிறோம். தம்பிக்கு வேலை அப்படியேதான். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே இங்கிலாந்தில் இப்போது ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்றாயே, வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பிடாதே, மணியைப் பார்த்துச் சாப்பிடு.

மாப்பிள்ளை அப்பாவிடம் பேசினார். நானாகக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், வந்ததும் படுத்துவிடுகிறாளாம், பையைத் திறப்பதே இல்லையாம். நைட் டூட்டி முடிந்து வந்த களைப்பில் சொல்லியிருப்பார். அவர் ஆஸ்பத்திரியில் நோயாளியையும் பார்த்து வீட்டில் உன்னையும் பார்க்க வேண்டுமா? சரி, அது உங்கள் விஷயம். வகுப்புக்குப் போகிறாளா இல்லையா கேள் என்றார் அப்பா. நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை.

அப்பா பழைய பாட்டைத்தான் பாடுகிறார். சோழிங்கநல்லூர் வேலை, வீட்டுப் பக்கத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் ஏ.சி. பஸ், ஐந்து வருஷச் சம்பளம், அதை விட்டுவிட்டு வயசானவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு படிப்பா என்று. நானும் முதலில் அதைத்தான் கேட்டேன், மறக்கவில்லை. நீ பொறுமையாகச் சொன்னாய். பள்ளிக்கூட வாத்தியார் படிப்பு வேறு, பள்ளியைத் தாண்டியவர்களுக்கு நடத்தும் காலேஜில் சொல்லிக் கொடுக்கிற படிப்பு வேறு. வகுப்பு எடுத்துக்கொண்டே ரெண்டு வருஷம் படிக்க வேண்டும். எத்தனை மணி நேரம் நடத்தினாய் என்று கணக்கு வைக்க வேண்டும். யாராவது வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். முடித்த பிறகு கியூ.டி.எல்.எஸ். என்று ஒரு தகுதி வாங்கினால் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 2013-க்கு அப்புறம் இந்தப் படிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, அதது அந்தந்தக் காலேஜின் முடிவு என்றும் நீதான் சொன்னாய். கட்டாயம் இல்லாததை ஏன் படிக்கிறாய் என்றேன். தெரியாமல் போய் நிற்கக் கூடாதும்மா என்றாய். அன்றைக்கு ராத்திரி உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஏலக் கூடத்திலும் சொன்னேன், வெள்ளைக்காரன் ஊரிலேயே போய் என் பொண்ணு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள் என்று. பூக்கார அக்கா நம்பவே இல்லை. வெள்ளைக்காரனுக்கு எதுக்குமே இங்கிலீஷ் என்றாள். சிரியாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்களுக்கு, யாழ்ப்பாணத்துப் பாட்டிகளுக்கு என்று விளக்கினேன்.

அதனால்தான் சொல்கிறேன், இவ்வளவு சொல்லிவிட்ட பிறகு என்னை ஏலக் கூடத்தில் தலைகுனிய வைக்காதே. இல்லை, இதை அடித்துவிட நினைத்தேன். பேனாவால் எழுதியது, அடித்தாலும் தெரியும். இருக்கட்டும்.

மே மாதம் கடைசியாகப் பேசினாயே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர், நீ நிறையப் பேசுகிறாய், அவர்களைப் பேச விடவில்லை என்று எழுதிக் கொடுத்தார் என்றாய். அது பரவாயில்லை, நம் குடும்பத்தில் யார் குறைவாகப் பேசினோம்? அதற்கப்புறம், ரெண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றாய். அதில் ஒருவர் பெரியவர், எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர். மூன்று வகுப்பாகக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நீயும் நம்பிப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாய், நாலாவது வகுப்புக்கு வரவில்லை. நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கண்ணாடி என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றிலிருந்துதான் நீ பேசவில்லை.

நான் ஜெகதாப்பட்டினத்தில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கத்தில் பாடம் சொன்னது உனக்குத் தெரியும். 1991-இல் எனக்குப் பத்தொன்பது வயசு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். புதுக்கோட்டை ஜில்லா முழுக்க ராத்திரியானால் லாந்தர் வெளிச்சத்தில் வகுப்பு. சம்பளம் கிடையாது. பெண்கள் கடலோர வேலை, களத்து வேலை, சமையல் எல்லாம் முடித்து எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள், நாங்களும் அப்போதுதான் போவோம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பாவாடை கிழிந்த கதை உட்பட. சொல்லாதது இங்கே கல்யாணமாகி வந்த பிறகு நடந்தது.

93-இல் வந்தேன். பெட்டியில் நாலு புடவை, அறிவொளிப் புத்தகம் மூன்று பாகம், ஒரு கட்டுப் பல்பம். சாயங்காலம் வாசலில் ஆயாவையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரையும் உட்காரவைத்தேன். ஆயா மருமகள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தாள் என்பதே தெருவுக்கு ஆச்சரியம். அ, ஆ என்று ஆரம்பிக்க மாட்டோம். தெரிந்த சொல், அதிலுள்ள எழுத்து, அப்புறம் அந்த எழுத்தை வைத்து வேறு சொல். நான் 'பட்டா' என்று எழுதினேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே ஆயா சிலேட்டைப் பார்த்து, "இன்னாமே இது, பட்டாவா? நமக்கு எங்க கீது பட்டா, கடல்லயா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் அழித்துவிட்டுப் 'படகு' என்று எழுதினேன். அன்றைக்கு நன்றாகப் போயிற்று.

நீ போன வருஷம் போனில் பிரேசில்காரர் பாவ்லோ ஃபிரைரேயைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் முந்நூறு கூலிக்காரர்களுக்கு நாற்பது மணி நேர வகுப்பில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாராம், அவரவர் வேலையில் புழங்கும் சொல்லை வைத்தே. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு வாசலும் சிலேட்டும்தான் கண்ணில் நின்றன.

ஆயாவுக்கு 'ப' வந்தது. 'ட' வந்தது. 'கு' வரவில்லை. 'க' போட்டு நிறுத்திவிடுவாள், அந்தச் சுழி கை மடங்கவில்லை. ஏலத்தில் நாலு கூடைக்கு விலை சொல்வதற்குள் பங்கு, கமிஷன், ஐஸ் செலவு எல்லாம் கழித்துக் கையில் என்ன நிற்கும் என்று சொல்லிவிடுகிறவள். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் எனக்கு வாந்தி, வீட்டு வேலை, காலையில் குழம்பில் உப்பு என்று அவளிடம் வாங்கிய பேச்சு. அத்தனை பேர் முன்னால் சிலேட்டைப் பிடுங்கி, "ஒரு கு-வுக்கு நாலு நாளா அத்தை? உங்களுக்கு எங்கே ஏறப்போகுது, நீங்க கூடையே தூக்குங்க" என்றேன். எதிர்வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆயா திட்டவில்லை. உப்புக்குத் திட்டினவள் இதற்குத் திட்டவில்லை. பல்பத்தைக் கீழே போடாமல் சிலேட்டின் மேல் பக்கமாய் வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் கூப்பிட்டேன். "கண்ணு தெரில மா, மங்கலா கீது" என்றாள். பத்தடி தள்ளி நின்று செவுள் நிறத்தைப் பார்த்து இது ராத்திரி மீனா விடிகாலை மீனா என்று சொல்கிறவள். சரி அத்தை என்றேன். அவ்வளவுதான். நம்பி விட்டுவிடவில்லை பாப்பா. பொய் என்று தெரிந்தே விட்டேன். மற்ற நாலு பேரும் பத்து நாளில் நின்றுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். இந்த வீட்டில் உலைக்கு எவ்வளவு அரிசி என்பது முதல் ஆயா சொன்னதுதான் நடக்கும். ஆனால் பாஸ்புக் வந்தால், சங்கத்திலிருந்து தாள் வந்தால், மருந்துச் சீட்டு வந்தால் என்னிடம்தான் நீட்டுவாள். அதை நான் கையை மெல்லத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவேன். அந்தக் கொஞ்ச நேரம் அவள் நிற்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் படித்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று ஒருநாள் நினைத்தும் இருக்கிறேன்.

அப்புறம் என்னிடம் நீட்டுவதையும் நிறுத்தினாள். அதற்கு நீ வந்தாய். ஆயாவுக்கு என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும், எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிப்போகும் என்று உன் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாயே. பிடித்தது உண்மை. ஆனால் கல்மண்டபத்தில் பஸ் போர்டு படிக்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று பார்க்க, ரேஷன் கடைப் பலகையைப் பார்க்க உன்னைக் கூட்டிப்போனாள். சுனாமிக்கு அப்புறம் நிவாரணப் பட்டியல் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால், கூட்டத்தில், ஒன்பது வயசுப் பெண்ணை இடுப்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் பெயர் இருக்கிறதா என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? நான் ரெண்டடி பின்னால்தான் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாவது படிக்கும்போது ஒருநாள் நீயே ஆயாவை உட்காரவைத்து அவள் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாய். பரீட்சைக்குப் படி என்று உன்னை எழுப்பிவிட்டேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

2017-இல் அவள் போகும்வரை இருபத்துநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள்கூட அத்தை, மறுபடி உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பாவுக்கு இது தெரியாது. தெரிய வேண்டாம்.

அந்தப் பெரியவருக்குக் காலேஜிலிருந்து போன் பண்ண உங்கள் விதியில் இடம் இருக்கிறதா? இருந்தால் கண்ணாடியைப் பற்றிக் கேட்காதே. அவர் அவருடைய ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று கேள். நீ கேட்டிருப்பாய், எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நீ வகுப்புக்குப் போகாமல் இருந்தால்தான் போன் பண்ண முடியாது. நான் கேட்கவில்லை.

தலைக்கு எண்ணெய் வை. மீன் குழம்புத் தூள் அரைத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. இங்கே சாயங்காலம் நாலரை, உனக்குப் பகல் பன்னிரண்டு மணி. பேசப் பிடிக்கவில்லை என்றால் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சமை. நான் இங்கே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன். இந்தத் தடவை லைன் சரியில்லை என்று வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா