பார்க்காமலே எழுதிய தீர்ப்பு

ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட மன்னர் இரண்டாம் லுட்விக் பற்றிய கட்டுரை அவரைப் பைத்தியக்காரர் என்றே முடித்துவிட்டது வருத்தமளிக்கிறது. 1864இல், 18 வயதில் அரியணை ஏறியவர். மாளிகைகள் கட்டிக் கடனில் மூழ்கினார் என்பது உண்மைதான். ஆனால் 1886 ஜூனில் நான்கு மருத்துவர்கள் அவரை நேரில் பரிசோதிக்காமலேயே, பணியாளர்களின் வாக்குமூலங்களை நம்பி மனநோயாளி என்று சான்றளித்தார்கள். இது என்ன மருத்துவம்? அவர்களுக்குத் தலைமை வகித்த குடன், ஜூன் 13 மாலை மன்னருடன் உலாவப் போனார். இரவில் இருவரின் உடல்களும் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் கிடைத்தன. காரணம் இன்றுவரை துலங்கவில்லை. தனிமைக்காக மன்னர் எழுப்பிய நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையையோ, அவர் இறந்த ஏழே வாரத்தில் கட்டணம் வாங்கித் திறந்துவிட்டார்கள். இவற்றையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

– வாசகர், திருச்சி