மாதிரித் தேர்வு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வெளிநாடு போக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுகளுக்கான பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே படிக்கிற நர்ஸ் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்டு என்னிடம் வருவதுண்டு. இலக்கணம், கட்டுரை எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். லிசனிங், அதாவது காதால் கேட்டு விடை எழுதும் பகுதி, என்றதும்தான் முகம் மாறிவிடுகிறது.

பயப்படக் காரணமும் இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். லிசனிங்கில் சுமார் 30 நிமிட ஆடியோ, 40 கேள்விகள். ஒரே தடவைதான் ஓடும். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய இந்தப் பகுதியில் 9-க்கு 7 வேண்டும். அதாவது ஏறக்குறைய 30 விடை சரியாக இருக்க வேண்டும். ஒரு சொல் பிடிபடாமல் போனால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, அதற்குள் அடுத்த இரண்டு விடைகள் கடந்துபோய்விடும். இத்தனைக்கும் அதே பேச்சை அச்சில் கொடுத்தால் தடங்கலில்லாமல் படிப்பார்கள். சொற்கள் தெரியாமல் இல்லை. பேசும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், 'டு', 'ஆஃப்', 'அண்ட்' எல்லாம் பாதியாகத் தேய்ந்துபோவதும் காதுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மையங்கள் பலவற்றில் நடப்பது தினம் ஒரு மாதிரித் தேர்வு. மார்க் போட்டு, சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆடியோவுக்குப் போய்விடுகிறார்கள். தவறிய இடத்தைத் திரும்பப் போட்டு, ஏன் தவறியது என்று காட்டுவதில்லை. தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் இறங்காது என்பது நர்ஸ் பிள்ளைகளுக்குத் தெரியாததா?

கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமலே டிவியிலும் பஸ்ஸிலும் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அங்கே யாரும் மார்க் போடவில்லை. பாதி புரிந்தால் மீதியை ஊகித்துக்கொண்டார்கள். (மலையாளம் தமிழுக்கு நெருங்கிய சொந்தம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது, சரிதான்.)

ஆகவே முதல் சில வாரங்களுக்குத் தேர்வே வேண்டாம். சின்ன ஆடியோ ஒன்றை முதலில் சும்மா கேட்கட்டும். அப்புறம் எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கட்டும். பிறகு தாளை மூடிவைத்து இன்னொரு தடவை. ஒரே தடவை கேட்டு எழுதும் பழக்கத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி ஆங்கிலப் பாடநூல்களிலும் கேட்டல் பயிற்சி இருக்கிறது. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு என்பதால் அதை யாரும் சீண்டுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். வாரம் ஒரு பீரியட் காதுக்கும் ஒதுக்கலாமே.

மையம் தேடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தவறிய இடத்தைத் திரும்பப் போட்டு விளக்குவீர்களா என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தக்கலை.