பொறுத்துப் போவதும் மன்னிப்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னிப்பைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மனதைப் பெரிதாக்கி, நடந்ததை மறந்துவிட்டால் குடும்பமும் நாடும் உருப்படும் என்று எழுதியிருந்தவரின் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் அன்று பின்னேரம் முழுக்க எனக்கு மனம் சரியில்லை. ஏனென்றால் அதே புத்திமதியை வேறு சொற்களில் இருபது வருடமாகக் கேட்டவள் நான். "பொறுத்துப் போ பிள்ளை" என்பார்கள். பெரியம்மா சொன்னார், கோவில் ஐயர் சொன்னார், என் கணவரும் சாகும்வரை அதையே சொன்னார். பொறுத்துப் போவது ஒன்று, மன்னிப்பது வேறொன்று என்று எனக்குத் தெரியவர அறுபது வயதாகிவிட்டது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உப்புவெளியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்ந்தவள் நான். கிழக்கில் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கடற்கரைப் பக்கமாக இருந்த 30 பேர்ச் வளவை அம்மா எனக்கென்றே வைத்திருந்தார். 1990இல் சண்டை மூண்டபோது கணவரோடும் கைக்குழந்தையோடும் மன்னார் போய், படகேறி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி அம்மாவோடு நின்றுவிட்டான். 1997இல் அம்மா செத்த செய்தி எனக்குக் கிடைத்தபோது முப்பத்தோராம் நாளும் முடிந்திருந்தது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் ஊர் திரும்பினால் வளவு தம்பியின் பெயரில் இருக்கிறது. நன்கொடை உறுதிப் பத்திரம். கீழே அம்மாவின் பெருவிரல் அடையாளம்.

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வடிவாகக் கையெழுத்து வைப்பார். அந்தக் கைநாட்டைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெருப்பக்கம் 22 பேர்ச்சில் தம்பி இருந்தான். பின்பக்கம் 8 பேர்ச்சில் "அக்கா இருக்கட்டும்" என்று விட்டான். கிணறு நடுவில்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. இரண்டு குடும்பமும் உயிர் தப்பின, வேலி போய்விட்டது. ஊரில் சவம் எடுத்து முடியவில்லை, நாலாம் நாள் காலை நான் வேலிக்கு நடும் பூவரசங் கதியாலோடு நிற்கிறேன், தம்பியும் கதியாலோடு நிற்கிறான். நான் என் கணக்குக்கு நட்டேன். அவன் அதைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டான். கிணறு முழுக்க உப்புத்தண்ணீர், ஒரு மிடறு குடிக்க முடியாது. அந்தக் கிணற்றுக்கு எல்லை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அன்றோடு பேச்சு நின்றது. வருடக்கணக்காக. அவன் மகளின் சாமத்திய வீட்டுக்கு நான் போகவில்லை. என் மகனின் கலியாணத்துக்கு அவனுக்குச் சொல்லவில்லை.

வெளியே பார்த்தால் நான் பொறுத்துப் போனவள். வழக்குப் போடவில்லை, ஒழுங்கையில் நின்று சத்தம் போடவில்லை. தங்கமான மனுசி என்று சனம் சொன்னது. ஆனால் அவன் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் அரிசி களையும் கை அப்படியே நின்றுவிடும். இரவில் படுத்தால் வழக்கு நடக்கும். நானே சட்டத்தரணி, நானே நீதவான், தீர்ப்பு தினமும் ஒன்றுதான். காலையில் எழும்பினால் தாடை வலிக்கும், பல்லை நெரித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். கடைசியில் பிரஷர் 170க்கு 100 என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்கள்.

அந்தக் கிளினிக்கில்தான் ஒரு தாதி. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று மாதமாகக் குளிசை குடித்தும் பிரஷர் இறங்காததைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, தம்பியோடு கொஞ்சம் கோபம் என்றேன். அவள் தன் அரைகுறைத் தமிழில், "அம்மா, அந்தக் கோபம் எங்க இருக்கு? கை வச்சுக் காட்டுங்க" என்றாள்.

என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. ஏன் கோபம், யார்மேல் கோபம் என்று கேட்பார்கள், எங்கே என்று கேட்பதில்லை. யோசிக்காமலே என் கை தொண்டைக்குப் போனது. தொண்டைக்குக் கீழே, இரண்டு எலும்பும் சேரும் குழியில், ஒரு புளியங்கொட்டை சிக்கினாற்போல இருந்தது. அது அங்கே எத்தனை வருடமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அவள் சொல்லித் தந்தது சின்ன விஷயம். காலையில் பத்து நிமிடம் இரு. மூச்சு வருவதையும் போவதையும் பார். தம்பி ஞாபகம் வந்தால் துரத்தாதே, கதையின் பின்னாலும் போகாதே. உடம்பில் எங்கே இறுகுகிறது என்று மட்டும் பார். 'சிஹிய' என்று சிங்களத்தில் சொல்லும் சொல் எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளையை வெளியே அனுப்பும்போது "கவனமாய்ப் போட்டு வா" என்கிறோமே, அந்தக் கவனம்தான். தெருவில் வைக்கும் கவனத்தை உள்ளே வைப்பது.

முதல் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் மோசமாகத்தான் இருந்தது, முன்பு இரவில் மட்டும் நடந்த வழக்கு காலையிலும் நடந்தது. மூன்றாம் கிழமை ஒரு நாள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுவது தெரிந்தது. ஏறுவது தெரிந்ததால் இறக்க முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கும் கோபத்துக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகுதான் மெத்தா. எல்லா உயிருக்கும் நலம் நினைக்கும் பௌத்தப் பழக்கம் அது. அதற்கு ஒரு வரிசை உண்டு. அநுராதபுரத்து மகாவிகாரை என்ற பௌத்த மடத்தில் 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த வரிசை: முதலில் தனக்கு, பிறகு அன்பானவருக்கு, பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியில்தான் பகையானவருக்கு. பகையானவரில் தொடங்காதே என்று அங்கேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் உபதேசிகள் நேரே பகையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளையிடம் முதல் நாளே வாக்கியம் எழுது என்று சொன்னால் என்ன ஆகும் என்று முன்பள்ளியில் இருந்த எனக்குத் தெரியும்.

"நான் சுகமாக இருக்க வேண்டும், பயமில்லாமல் இருக்க வேண்டும்" என்று எனக்கே சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஏனோ வெட்கமாக இருந்தது. பேத்திக்குச் சொல்வது லேசு. விருப்பும் வெறுப்பும் இல்லாதவராக, காலையில் ஒழுங்கையால் போகும் பாண்காரரை எடுத்தேன். இரண்டு மாதம் தினமும் அவருக்கு நலம் நினைத்தபின் அவர் முகத்தை முதல் தரம் சரியாகப் பார்த்தேன். இடது கண் சற்றுச் சிறிது. ஐந்து வருடம் அவரிடம் பாண் வாங்கியிருக்கிறேன்.

தம்பிக்கு வர எட்டு மாதமானது. அவன் பெயரைச் சொன்னாலே தொண்டை அடைக்கும். அப்போது திரும்பவும் எனக்கே வந்துவிடுவேன். அப்படி ஒரு காலைதான் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று சொல்ல முடியாது, நான் அதைக் கண்டவளே இல்லை. நான் திரும்பி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அது: அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, நாலு வருடம் படுக்கையில் இருந்தார் என்று. தம்பிதான் கழுவித் துடைத்தானாம். ஊரடங்கு நாட்களில் சைக்கிள் கரியரில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனானாம். சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் காதில் ஏற்றவில்லை, உறுதியைக் களவாக எழுதியவனுக்கு வக்காலத்து என்று நினைத்தேன். வலது கை விழுந்தவர் எப்படிக் கையெழுத்து வைப்பார்? பதினாறு வருடமாக அந்தக் கைநாட்டை நான் சாட்சியாக வைத்திருந்தேன். கை எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பி செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. அம்மா மனமறிந்து எழுதினாரா, எழுத வைத்தார்களா என்று அம்மாதான் சொல்ல வேண்டும். வளவு எனக்குரியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வயது இருபதுகளில், சுற்றிவளைப்புகளுக்கு நடுவில், ஒரு பொடியன் தாய்க்குப் பீ மூத்திரம் அள்ளியிருக்கிறான். நான் மண்டபத்தில் இருந்தேன். அதை நினைத்து அன்று அழுதேன். அழுது முடிய, புளியங்கொட்டை அங்கே இல்லை. இரண்டு நாளில் திரும்பி வந்தது, சரி. ஆனாலும் போய்வரும் சாமான்தான் அது என்று தெரிந்துவிட்டது.

கனடாவில் இருக்கும் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். எவரட் வேர்த்திங்டன் என்று அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் இருக்கிறாராம். மன்னிப்பைப் பற்றியே ஆய்வு செய்தவர், தன் தாயை வீட்டுக்குள் புகுந்த ஒருவன் கையில் பறிகொடுத்தவர். மன்னிப்பில் இரண்டு உண்டு என்பது அவர் கருத்து: பழிவாங்க மாட்டேன் என்று முடிவு எடுப்பது ஒன்று, மனம் ஆறுவது இன்னொன்று. முதலாவது ஒரு நாளில் நடக்கலாம், இரண்டாவதுக்குக் காலம் வேண்டும். அவருடைய முறைப்படி ஒருவர் தானாகவே செய்யும் மூன்று மணிநேரப் பயிற்சிக் கைநூலை கொலம்பியா, தென்னாபிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹொங்கொங் ஆகிய இடங்களில் 4598 பேரிடம் கொடுத்துப் பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. யுத்தம் கண்ட இடங்களும் அதில் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஆக, நான் 2004இல் கதியாலைக் கீழே போட்டுவிட்டு வழக்கும் போடாமல் இருந்தது முதலாவது மன்னிப்பாகக்கூட இருக்கலாம். இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆசிரியர் அவர்களே, இதில் ஒன்றை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். என் விஷயம் ஒரு காணித் தகராறு. உங்கள் கட்டுரையாளர் அதே வாயால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரையும் மறக்கச் சொல்கிறார். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் உட்கார்ந்த தாய்மார், பிறகு எங்கள் ஊரிலும் உட்கார்ந்தவர்கள், பிள்ளைக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்கிறார்கள். பதில் கிடைக்காத ஒருவரிடம் போய் மன்னித்துவிடு என்று கேட்பது பாவம். எதை மன்னிப்பது என்றே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே. எனக்குக் கைநாட்டாவது கண்ணில் பட்டது. அந்தத் தாய்மாரில் ஒருத்தி என்னோடு கோவிலுக்கு வருபவள். காலையில் பத்து நிமிடம் என் விறாந்தையில் அவளும் இருக்கிறாள். நித்திரை வருகிறது என்கிறாள், அது போதும் என்கிறாள். மன்னிப்பு என்ற சொல்லை அவளிடம் நான் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன்.

போன மாதம் கிளினிக்கில் என் நம்பர் 31. விடிய ஐந்தரைக்கே போய் வாங்கில் இருந்தேன். மூன்று வரிசை தள்ளி தம்பி இருந்தான். காலில் பாட்டா செருப்பு, ஒரு வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. தொண்டை இறுகுவதைப் பார்த்தேன், நாலைந்து மூச்சு விட்டேன், எழும்பிப் போனேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. சுகர் பார்க்க வெறும் வயித்தில வரச் சொன்னவை."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பக்கத்து வாங்கில் இடம் இருந்தது, இருந்தேன். அவன் நம்பர் 64.

அந்த இடத்தை வைத்துத்தான் உங்களிடம் ஒரு கோரிக்கை. எங்கள் கிளினிக்குகளில் காலை ஐந்தரையில் இருந்து ஒன்பது வரை வயதானவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறோம். பாதிப்பேர் பிரஷர், மிச்சப்பேர் சீனி. அந்த நேரத்தில் பத்து நிமிடம், மூச்சைப் பார்க்கவும் உடம்பில் இறுகும் இடத்தைப் பார்க்கவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒருவர் சொல்லித் தந்தால் செலவு ஒன்றும் இல்லை. சுகாதாரப் பகுதியினர் உங்கள் பத்திரிகையை வாசிப்பவர்கள், நீங்கள் எழுதினால் கேட்பார்கள். எனக்குச் சொல்லித் தந்த பிள்ளை இடமாற்றத்தில் போய்விட்டாள். ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், முப்பது முன்பள்ளிப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் இருத்தத் தெரிந்தவள்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். தம்பி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். அம்மாவின் கையைப் பற்றி அவனிடம் நான் இன்னும் நேரே கேட்கவில்லை. பத்திரிகையில் பார்த்து அவன் அறியக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.