5+1: பட்டாம்பூச்சி அஞ்சல்தலைக்குச் சில யோசனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதிப் பட்டாம்பூச்சிகளை வைத்து, அவற்றுக்காக நன்கொடை சேர்க்கும் நிதி அஞ்சல்தலை வெளியிட வேண்டும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் நாம் கொடுக்கும் படத்தைப் போட்டு அஞ்சல் துறை அச்சடித்துத் தரும் 'மை ஸ்டாம்ப்' அடித்தாலே போதும் என்று எழுதியிருப்பது சரிவராது. மை ஸ்டாம்ப் தாள் 300 ரூபாய். அதில் இருப்பது 5 ரூபாய்த் தலைகள் 12. ஆக 60 ரூபாய்தான் கடிதத்துக்கு உதவும், மீதி 240 அஞ்சல் துறைக்குப் போகும். அதற்கும் மேலே நிதி சேர்க்க வேண்டுமென்றால் என்ன விலைக்கு விற்பது, யார் வாங்குவார்கள்?

நிதித் தலையின் கணக்கே வேறு. கூட்டல் குறி போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் அஞ்சல் கட்டணம், இரண்டாவது நன்கொடை. நியூசிலாந்து 1929இல் சுகாதாரத் தலைகளை இப்படித்தான் தொடங்கியது. 2010இல் அந்த வரிசையில் பட்டாம்பூச்சிகளும் வந்தன. நம் நாட்டில் 1971 நவம்பரில் வங்கதேச அகதிகளுக்காக வந்த 5 பைசாத் தலை இன்னொரு வகை. அது கட்டாயம், வழக்கமான தலையோடு சேர்த்துக் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. புதுப் படம் தயாராகும்வரை காத்திராமல், குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே 'ரெஃப்யூஜி ரிலீஃப்' என்று அச்சடித்து விட்டார்கள். பட்டாம்பூச்சிக்குக் கட்டாயம் வேண்டாம்; கூட்டல் குறியே போதும்.

எண்ணைத் தேர்வு செய்வதில் கவனம் வேண்டும். 20 கிராம் வரை கடிதத்துக்கு 5 ரூபாய், அடுத்த 20 கிராமுக்கு இன்னொரு 5. தலையை 5+5 என்று அடித்தால் 30 கிராம் கவரில் ஒன்றை மட்டும் ஒட்டி, பத்து ரூபாய் ஆயிற்று என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். நன்கொடை, கட்டணத்தில் சேராது. குறையும் 5 ரூபாய்க்கு இரட்டிப்பாக 10 ரூபாயைத் தபால்காரர் வாங்குவது கடிதம் பெறுபவரிடம். ஆகவே 5+1தான் பொருத்தம். '+1' சிறிய எழுத்தில், வேறு நிறத்தில் இருக்கட்டும்.

இனி படம். மாநிலப் பட்டாம்பூச்சி என்று 2019இல் அறிவித்த தமிழ் மறவனையே போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு இனம். புழு தின்பது நீரடிமுத்து இலை. கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் தெருவில் பார்க்கக்கூடியவை வெந்தய வரியனும் சிவப்புடல் அழகியும்தான். முன்னதன் புழுவுக்கு எருக்கு, பின்னதன் புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளை.

ஓவியர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். கறிவேப்பிலையில் வளரும் ஒரு கருப்புப் பட்டாம்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, சிவப்புடல் அழகியைப் போலவே வேஷம் போடும்: முன்னிறகில் அதே வெள்ளைப் பட்டை, பின்னிறகில் அதே சிவப்புப் பொட்டு. உடலைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் அசல், கருப்பாக இருந்தால் வேஷம். வெந்தய வரியனுக்கும் நகல் உண்டு. அசலின் பின்னிறகு நடுவில் மூன்று, நான்கு கரும்புள்ளிகள். நகலின் பின்னிறகில், மேல் விளிம்பில் ஒரே புள்ளி. தவிர, வெந்தய வரியன் நிற்பது நான்கு காலில். முன்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டிக் கிடக்கும். ஆறு காலும் ஊன்றி நிற்பதாக வரைந்தால் பூச்சி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஊசி குத்தி விரித்த அருங்காட்சியக மாதிரியைப் பார்த்து வரைவதும் வேண்டாம்; உயிரோடு இருக்கும் பூச்சி அப்படி உட்காராது. தலையின் அளவு 39×29 மில்லிமீட்டர் என்றால் ஒரு தலைக்கு ஒரு பூச்சி, அதன் செடி, அவ்வளவே.

நம் அஞ்சல் துறை 1981இல் நான்கு பட்டாம்பூச்சித் தலைகளையும் 2008இல் அந்தமான் நிக்கோபார் இனங்களையும் வெளியிட்டது. படம் போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. புதுச்சேரி தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே மனு போதும். (மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம், அவர்களை இதில் இழுக்க வேண்டாம்.)

சேரும் ஒரு ரூபாயில் உண்ணிச்செடி வைத்த பூங்கா அமைக்காதீர்கள். தேன் குடிக்க ஆயிரம் பூ இருக்கிறது. முட்டையிட ஆடுதீண்டாப்பாளைதான் இல்லை, களை என்று பிடுங்கிவிடுகிறோம். பள்ளி வேலியோரம் அந்தச் செடியையும் எருக்கையும் விட்டுவைக்க வேலியும் கூலியும்தான் செலவு.

விற்பனைக்கு வாங்கி வைப்பவர்களுக்கு ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை ஈரத்துக்குப் பசை இளகித் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். இடையில் பட்டர் பேப்பர் வைத்து, கட்டின் மேல் கனம் ஏற்றாமல் நிமிர்த்தி அடுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்