தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய விமானச் சேவை பற்றிய செய்திகளில் 'இரண்டு நகரங்களுக்கும் இடையே இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரத்தில் போய்விடலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நம்பித்தான் பலர் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள், அழைத்துவர ஆள் அனுப்புகிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். ஆனால் கால அட்டவணையில் நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர சுமார் 7 மணி நேரம் என்று இருக்கும். விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து போய் நிற்கும் வரை, ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவதற்குக் காரணம் காற்று. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே போவதை இழுத்துப் பிடிக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது அந்தக் காற்று பலமாக இருந்ததால் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது.

தூரமும் அப்படித்தான். செய்தியில் போடுவது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம், விமானம் உண்மையில் பறக்கும் தூரம் அல்ல. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது, ஆனால் நகரங்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன!

அப்புறம் உள்ளூர் நேரம். லண்டனில் காலை 11 மணிக்கு ஏறினால் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கலாம் என்று மட்டும் எழுதினால் மூன்றே மணி நேரப் பயணம் போலத் தோன்றும், இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம் இருப்பதைச் சொன்னால்தான் விஷயம் புரியும். டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். இது தெரியாமல் ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு, முதல் முறை பறக்கும் வயதானவர்களின் வீட்டில் இது எவ்வளவு பதற்றத்தைத் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். நேரடி விமானமா, நடுவில் இறங்கி மாற வேண்டுமா, அந்தக் காத்திருப்பும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்பதையும், உள்ளூர் நேர வித்தியாசத்தையும் எழுதுங்கள். கூடுதலாக இரண்டு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்